பின் சீட்டில் விட்ட இடம்

போன வாரம் என் பூட்டப்பிள்ளை லண்டனுக்குத் திரும்பிப் போனது. ஆறு வயது. வன்னியில், அக்கராயனில் எங்கள் வீட்டில் ஒரு மாதம் நின்றது. ஏற்றிப்போக வந்த வான் வண்டியின் கதவைச் சாத்தும்போது என்னைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ கத்தியது. எனக்கு அந்தப் பாஷை தெரியாது.

"பிள்ளை என்ன சொல்லுது?" என்று அதன் தகப்பனை, என் பேரனைக் கேட்டேன்.

"சந்தோசமாப் போறாவாம், அம்மாச்சி" என்றான், என் முகத்தைப் பாராமல்.

வான் போன பிறகும் வாசல் படலையைப் பிடித்தபடி நின்றேன். அதே பதிலை என் எட்டு வயதில் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

வன்னிக்கு வருமுன் நாங்கள் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். என் அம்மா துரை பங்களாவில் ஆயா. துரையின் ஒரே மகளைப் பிறந்த நாளிலிருந்து வளர்த்தவர் அவர்தான். அந்தப் பாப்பா தூங்கின பிறகுதான், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு வருவார். மிச்சமிருக்கும் அம்மாதான் எனக்கு.

பாப்பாவுக்கு ஐந்து வயதாகியும் இங்கிலீஷ் சரியாக வரவில்லை. பசித்தாலும் தமிழ், நாயை ஏசினாலும் தமிழ். அதுவும் எங்கள் லயத்துத் தமிழ். ஒருநாள் தேநீருக்கு வந்த பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணி ஆசையாகக் கன்னத்தைக் கிள்ள, "கைய எடு, சனியனே" என்றது. கிள்ளியவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.

எங்கள் துரைசாணிக்கு வேலை ஏவும் அளவுக்குத்தான் தெரியும். அவர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஆயா, மூணு மாசத்தில கப்பல். பாப்பாவுக்குத் தமிழ் வேணாம். நீ பேச வேணாம். நல்லா செஞ்சா நல்ல லெட்டர் குடுக்கறேன்."

அந்த லெட்டர் இருந்தால் அடுத்து வரும் துரை வீட்டிலும் அம்மா ஆயா. இல்லாவிட்டால் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறிக்க வேண்டும்.

அன்றிலிருந்து அம்மா பாப்பாவோடு வாய் திறக்கவில்லை. குளிப்பாட்டுவார், சோறு ஊட்டுவார், தலை சீவுவார். எல்லாம் ஊமை மாதிரி. பள்ளிக்கூடம் விட்டுப் பங்களாச் சமையற்காரரின் குசினிப் பக்கமாக வந்த என்னைப் பாப்பா மறித்தது.

"ஏய், ஆயாவுக்கு வாயில புண்ணா?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். "ஆமா, பெரிய புண்ணு. இனி ஒங்கூடப் பேசவே பேசாது" என்றேன்.

மறுநாள் பாப்பா ஒரு கரண்டி தேனைச் சிந்தச் சிந்தக் கொண்டுவந்து அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டியது. அம்மா விழுங்கினார். பிறகு விறகுக் கொட்டிலுக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மூன்று மாதத்தில் பாப்பா இங்கிலீஷ் பேசப் பழகிவிட்டது. துரைசாணிக்கு நிம்மதி. ஆனால் கார் புறப்படும் நேரத்தில், பின் சீட்டின் ஒரு ஓரமாக ஒடுங்கிக்கொண்டு, பழகியதெல்லாம் மறந்து கத்தியது.

"ஆயா, ஏறு ஆயா! ஒனக்கு எடம் விட்டிருக்கேன்ல!"

அழுகையில் குழறியதால் துரைசாணிக்குப் பிடிபடவில்லை. "ஆயா, என்ன சொல்லுது?" என்றார்.

அம்மா சிரித்தார். "சந்தோசமாப் போறாங்களாம், தொரசாணி."

துரைசாணியும் சிரித்து, லெட்டரை அம்மா கையில் கொடுத்துவிட்டு, பாப்பா விட்டிருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

லயத்துக்கு இறங்கும்போது கேட்டேன்: "பொய் சொன்னா வாயில சூடு வைப்பேன்னு சொல்லுவியே, நீ மட்டும் ஏன் சொன்ன?"

"பேசாம நட."

லெட்டருக்காகத்தான் சொன்னார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கெட்டிக்காரிதான் அம்மா என்றும் நினைத்தேன்.

அடுத்த மாதம் புதுத் துரை வந்தார். கைக்குழந்தை இருக்கிறது, ஆயா லெட்டரோடு உடனே வரட்டும் என்று பங்களாச் சமையற்காரர் ஆளனுப்பினார்.

"கடுதாசி மழையில நனஞ்சு போச்சுன்னு சொல்லுங்க" என்றார் அம்மா.

லெட்டர் பெட்டிக்குள் சேலைக்கடியில் மொடமொடவென்று இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் விடிய அம்மா இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையோடு கொழுந்து மலைக்குப் போனார்.

அம்மா கொண்டுவரும் பங்களாப் பாண் துண்டும் கேக்கும் போயிற்றே என்று நான் மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை என் முன்னால் ரொட்டியை வைத்துவிட்டு அம்மா கேட்டார்.

"ஏன்டி, வாயில புண்ணா?"

கேட்டவர் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். விறகு ஈரம் போல, புகை கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் ரொட்டியைத் தின்றேன்.