மிளகுத் தராசில் ஐம்பது கிலோ

எங்கள் சேவைக் கழகம் இதுவரை பதினொரு இரத்ததான முகாம்கள் நடத்தியிருக்கிறது. பதினொன்றுக்கும் நான்தான் செயலாளர். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, வந்து இரத்தம் குடுங்க" என்று தொண்டை கட்டும்வரை கத்தியவளும் நான்தான். ஒரு சொட்டுகூடக் கொடுக்காதவளும் நானேதான். இரத்தம் கொடுக்க ஐம்பது கிலோ நிறை வேண்டும். நான் நாற்பத்தேழைத் தாண்டியதே இல்லை. ஒவ்வொரு வருடமும் தராசில் ஏறுவேன், தாதி உதட்டைப் பிதுக்குவார், நான் இறங்கி மற்றவர்களுக்குக் குழாய் குத்திக் குடிக்கிற பால் பக்கெட்டும் பிஸ்கட்டும் கொடுக்கப் போய்விடுவேன்.

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் என் மகள் பிறந்தபோது நான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவள். மூன்று பை இரத்தம் ஏற்றித்தான் மீட்டார்கள். யாருடைய இரத்தம் என்று பிறகு கேட்டேன். பையில் இலக்கம் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது என்றார்கள். உயிரைக் கொடுத்துவிட்டுப் பெயரைச் சொல்லாமல் போனவர்கள் மீது எனக்கு அன்றிலிருந்து ஒரு எரிச்சல். நன்றி சொல்லக்கூட விடாமல் போவது என்ன பழக்கம்? திருப்பிக் கொடுத்தால்தான் அந்த எரிச்சல் தீரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வருகிற புரட்டாதியில் எனக்கு அறுபது முடிகிறது. அதற்குமேல் எடுக்க மாட்டார்கள். ஆவணி முகாம்தான் கடைசி.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். சொல்லும்போது அழுதும்விட்டேன். எங்கள் தலைவர் மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் பெரிய மொதலாளி. மனிதருக்கு இளகிய மனசு.

"டீச்சர், ஒங்களுக்குச் சதை போட வைக்கிறதயே இந்த வருசத் திட்டமா எடுத்துக்குவோம். அறிக்கையில எழுதுங்க" என்றார்.

என் நிறையை நானே அறிக்கையில் எழுதினேன்.

அதன்பிறகு மூன்று மாதம் நான் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே, அதை ஊரே சேர்ந்து ஊட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். கழகப் பொருளாளர் ஒரு முஸ்லிம் பெண். உக்குவளையில் துணிக்கடை வைத்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு முறை, முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தோடு வந்து, நான் கடைசிக் கரண்டியை வழித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

"பிஸ்மி சொல்லி அவிச்சது டீச்சர். ஒடம்புல ஒட்டாமப் போகாது."

வெள்ளிக்கிழமைதோறும் தலைவரின் கடையில் நிறை பார்ப்போம். மிளகு மூட்டை வைக்கும் பெரிய தராசில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவேன். முதல் வெள்ளி நாற்பத்தைந்து காட்டியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"போன வருசம் நாப்பத்தேழு இருந்தேனே" என்றேன்.

"கவலையில எளைச்சிருப்பீங்க டீச்சர். நல்லாத் தின்னுங்க" என்றார் தலைவர்.

தின்றேன். பாற்சோறு தின்றேன், கொத்து ரொட்டி தின்றேன், இரவில் பழஞ்சோற்றில் தயிர் ஊற்றித் தின்றேன். என் கணவர் தன் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடும் நிலைமை வந்தது. சட்டைகள் அக்குளில் பிய்ந்தன. தராசு மட்டும் கல்நெஞ்சுக்காரத் தராசாக இருந்தது. முகாமுக்கு முந்தைய வெள்ளி அது காட்டியது நாற்பத்தொன்பது.

முகாமன்று காலை நான் எடுத்த முடிவைப் பற்றி இன்றும் வெட்கம் இருக்கிறது. கல்யாணக் கூறைச் சேலையை உடுத்திக்கொண்டேன், ஜரிகையோடு அரைக் கிலோ வரும் என்ற கணக்கில். போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தேன். அதுவும் போதாதென்று, தலைவர் கடையிலிருந்து எடுத்துத் தந்த ஒரு கிலோ இரும்புப் படிக்கல்லை இடுப்பில், கொசுவத்துக்குள் சொருகிக்கொண்டேன்.

"யாருக்கும் தெரியாது டீச்சர், நல்ல காரியத்துக்குத்தானே" என்றார் தலைவர்.

உக்குவளையில் ஒரு மண்டபத்தில் முகாம். வரிசையில் எனக்குப் பின்னால் தலைவருக்கு மிளகு விற்கிற தோட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களை அழைத்து வந்ததே தலைவர்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாதியின் தராசில் ஏறினேன்.

"பனஸ் துனய்" என்றார் தாதி சிங்களத்தில்.

ஐம்பத்துமூன்று. எனக்குக் கால் தரையில் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டேன். கொசுவம் நெகிழ்ந்தது. படிக்கல் டங்கென்று சீமெந்துத் தரையில் விழுந்து, உருண்டு போய்த் தாதியின் சப்பாத்தில் முட்டி நின்றது.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அறுபது வயதில் பிட் அடித்துப் பிடிபட்ட டீச்சர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தாதி குனிந்து கல்லை எடுத்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி ஏறச் சொல்லி விரலைக் காட்டினார். ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"பனஸ் தெகய்."

கல் இல்லாமலே ஐம்பத்திரண்டு.

அப்படியென்றால் கல் சரியான கல். என் சேலை அரைக் கிலோதான். தண்ணீரைக் கழித்தாலும் ஐம்பதுக்குக் குறைய வழியில்லை. போன வெள்ளி கடைத் தராசில் வெறும் நாற்பத்தொன்பது எப்படி வந்தது என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். நான் விரல் விட்டு எண்ணுவதற்குள் எனக்குப் பின்னால் நின்ற தோட்டக்காரர் எண்ணி முடித்துவிட்டார்.

"மொதலாளி" என்றார், மிகவும் மரியாதையாக. "டீச்சர் எளைக்கவே இல்லிங்க. அப்ப ஒங்க தராசுல ஏறுன எங்க மொளகும் எளைக்கல போலருக்கே."

சிரிப்பு வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. தலைவரின் முகம் பழுத்த மிளகின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"தராசு பழசு. நாளைக்கே தராசு திருத்துற பாஸை வரச் சொல்லிப் பாக்குறேன்" என்றார்.

"நாளைக்கு ஏன் மொதலாளி, நாங்க இங்கருந்து நேரா கடைக்கு வர்றோம். எல்லாருமாப் பாப்போம்."

பொருளாளர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் குலுங்கினார்.

என் விரலில் குத்தி எடுத்த ஒரு துளியைத் தாதி நீலத் தண்ணீரில் விட்டார். அது கீழே மூழ்கினால்தான் இரத்தத்தில் சத்து இருக்கிறது, தேர்வு. வட்டிலப்பம் வீண்போகவில்லை, கல்லைப் போலவே மூழ்கியது. கட்டிலில் படுத்தேன். பக்கத்துக் கட்டிலில் தலைவரைத் தோட்டக்காரர்களே கூட்டி வந்து படுக்க வைத்தார்கள்.

"இதையாச்சும் நெறைய எடுங்க மிஸ்" என்று ஒருவர் தாதியிடம் சிங்களத்தில் சொன்னார். தலைவரும் சிரித்துவிட்டார்.

முடிந்ததும் தாதியிடம் பையை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கையில் வைத்தார். சூடாக இருந்தது. அப்போதுதான் பிறந்த குழந்தையைப் போல அவ்வளவு சூடு. பையில் ஒரு நீள இலக்கம் ஒட்டியிருந்தது. பெயர் இல்லை. எனக்குத் தலை லேசாகச் சுற்றியது, இரத்தம் போனதாலா சந்தோஷத்தாலா என்று தெரியவில்லை. பொருளாளர் பால் பக்கெட்டில் குழாயைக் குத்தி என் வாயில் வைத்தார். பன்னிரண்டாவது முகாமில் எனக்கும் ஒரு பால் பக்கெட்.

எங்கோ ஒரு ஆஸ்பத்திரி வாட்டில் யாரோ ஒருத்தி கண் விழித்து, இது யாருடையது என்று கேட்பாள். பெயர் இல்லை என்பார்கள். அவளுக்கும் எரிச்சல் வரும். வரட்டும்.