சீராக வந்த ஹீட்டர்

என் மாமியார் யாரையும் திட்டமாட்டார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவார். கோயமுத்தூரில் அதற்கு ஒரு 'ங்க' போதும்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தபோது, அவருடைய அக்கா, எனக்குப் பெரியத்தை, அவிநாசியிலிருந்து வந்து தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போனவர், "பச்சைத் தண்ணிதான் வருது" என்று வெளியே வந்தார். ஹீட்டர் சுடவில்லை. அது என் அப்பா சீராகக் கொடுத்தது. அன்னூரில் கடலையும் சோளமும் விதைக்கிற மனிதர், காந்திபுரத்தில் மூன்று கடை ஏறி இறங்கி, இருப்பதில் நல்லதாகப் பார்த்து வாங்கியது.

"சம்பந்தி ஊட்டுச் சீரு அக்கா. அவங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும், பாவம். கடைக்காரன் தள்ளிவிட்டதை வாங்கிட்டு வந்துட்டாங்க" என்றார் மாமியார். அதோடு நிற்கவில்லை. அன்னூரில் அப்பாவின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, அவரைக் கூப்பிடச் சொல்லி, என் காதுபடவே சொன்னார்: "ஈட்டரு கெட்டுப்போச்சுங்க சம்பந்தி. நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்துப்போட்டா உங்களுக்குத்தானுங்க கௌரவம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தோசை சுட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் மூன்று வருஷம் ஒரு பம்புசெட் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றியவள். அதை இந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. மருமகள் கூலிக்குப் போனவள் என்றால் இவர்களுக்குக் குறைச்சல். அன்று மத்தியானம் எல்லாரும் தூங்கியபோது ஹீட்டரின் ஃபியூசைப் பிடுங்கி, அடிமூடியைக் கழற்றி, வேறு பிளக்கிலிருந்து டெஸ்ட் லாம்ப் கொடுத்துப் பார்த்தேன், பல்பு எரியவில்லை. தண்ணீரைச் சுடவைக்கிற காயில் அறுந்திருந்தது. ஏன் அறுந்தது என்றும் தெரியும். "எங்க ஊட்டுல குளிக்கறதுக்குக்கூட சிறுவாணித் தண்ணிதானுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் பீற்றிக்கொள்வார். உப்பே இல்லாத அந்த ஆற்றுத் தண்ணீர் வந்தது சமையலறைக் குழாயில் மட்டும். மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறியது கொல்லைப்புறத்து போர் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும்.

அப்போதே மாற்றியிருக்கலாம். கடைக்குப் போய் புதுக் காயிலும் வாசரும் வாங்கி வந்து, பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். பார்க்க ஆள் வேண்டாமா?

மறுநாள் காலை பெரியத்தை காப்பியோடு உட்கார்ந்ததும் வேலையைத் தொடங்கினேன். தண்ணீரை வடித்து, போல்ட்டுகளைக் கழற்றி, பழைய காயிலை உருவி எடுத்து, ஹாலில் பேப்பர் விரித்து அவர் முன்னால் வைத்தேன். விரல் தடிமனுக்கு வெள்ளையாக அப்பியிருந்தது.

"இதென்ன கண்ணு, சுண்ணாம்பாட்ட?"

"போர் தண்ணி உப்புங்க பெரியத்தை. இது படிஞ்சு படிஞ்சுதான் காயில் அறுந்துபோச்சுங்க. ஈட்டர் மேல தப்பில்லீங்க."

பெரியத்தை தங்கையைப் பார்த்தார். "சிறுவாணின்னு சொன்னியே?"

மாமியாரின் முகத்தை ஆற அமரப் பார்த்துக்கொண்டேன். பிறகு புதுக் காயிலைப் பூட்டி, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் கொட்டுகிறவரை ஹீட்டரை நிறைத்து, ஃபியூசை மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

கை கழுவி வந்தால், வாசலில் அப்பா நிற்கிறார். தோளில் புது ஹீட்டர், அட்டைப்பெட்டியோடு. கடை திறந்ததும் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் நின்றபடியே வந்திருக்கிறார். "மன்னிச்சுக்குங்க சம்பந்தி. வெவரம் பத்தாம வாங்கிப்போட்டனுங்க" என்று ஒரு கையால் கும்பிட்டார்.

அதுவரை எனக்கு இருந்தது கோபம்தான். அதற்குப் பிறகு இரக்கமே இல்லை.

பெட்டியை வாங்கி வாசலிலேயே வைத்தேன். அவருக்குக் காப்பி கொடுத்து, குடித்து முடித்ததும் குளியலறைக்குக் கூட்டிப்போய், குழாயைத் திறந்து அவர் கையை நீட்டச் சொன்னேன். "சுடுதே கண்ணு" என்றார். மாமியாரும் பெரியத்தையும் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

"அத்தை, எதனால கெட்டுச்சுன்னு அப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க."

"ஈட்டரு நல்ல ஈட்டருதானுங்க சம்பந்தி. தண்ணிதான்..."

"எந்தத் தண்ணிங்க அத்தை?"

"உடு கண்ணு" என்றார் அப்பா. நான் விடவில்லை. மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு, "போர் தண்ணிங்க" என்றார்.

கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, பெட்டியை நானே தலையில் வைத்துக்கொண்டு அப்பாவோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அவர் கேட்டும் கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் இருபது வீடு. "என்ன அம்மணி, பெட்டி?" என்று கேட்காத வீடில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, முதலிலிருந்து சொன்னேன்.