மார்த்தாவைக் காப்பாற்றிய ஊதாச் செருப்பு

மார்த்தா சிரித்தால் மந்தின் டவுன் வரைக்கும் கேட்கும். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். அவர்களுக்காகக் குறைத்துக்கொள்கிறேன்: பாதி வழி வரைக்கும் கேட்கும். சுங்கை காடுட்டில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. சாயங்காலம் தொழிற்சாலைப் பேருந்து எங்கள் தோட்டத்துக்குள் நுழையும்போது ஓட்டுநர் ஹாரன் அடிப்பதே கிடையாது. மார்த்தாவின் சிரிப்புக் கேட்டதுமே கோழிகள் ரோட்டைவிட்டு ஒதுங்கி நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோவில் பாட்டுக்குழுவில் அவள் குரல் முன்னே நிற்கும். மாரியம்மன் திருவிழாவன்று எங்கள் வரிசை வீடுகளான மேட்டு லயத்தின் தண்ணீர்ப்பந்தலில் அவள் கரண்டி முன்னே நிற்கும். அவளுடைய அம்மா காலத்திலிருந்தே அப்படித்தான். “வெயில்ல வர்ற சனத்துக்குத் தாகம் எடுத்தா, அது மதம் பாத்தா எடுக்குது?” என்பாள். பந்தலுக்குத் தலைவி ராக்கம்மா. அவளுடைய அதிகாரத்தில் மழைகூட கேட்டுவிட்டுத்தான் பெய்யும். ஆனால் பானம் கலக்கும் வேளையில் அந்த ராக்கம்மாவே மார்த்தாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எங்களுக்கு எதிர்ப்பந்தல் பள்ளத்து லயத்துக்காரர்களுடையது. அதை நடத்துகிறவர் இராஜமாணிக்கம். லாரி வைத்திருக்கிறார், மீசையும் வைத்திருக்கிறார். இரண்டில் எதை அதிகமாகத் துடைப்பார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வருடமும் இரண்டு பந்தலும் புதிதாக ஒரு பானம் கொடுக்க வேண்டும். தேர் புறப்படும்வரை அது என்னவென்று எதிராளிக்குத் தெரியக் கூடாது. இது யாரும் எழுதி வைக்காத சட்டம். இந்தச் சட்டத்தைக் காப்பாற்றியதுபோல் வேறெந்தச் சட்டத்தையும் எங்கள் சனம் காப்பாற்றியதில்லை.

அந்தச் சட்டம் ஓட்டையானது மண்டபத்துக்குக் கணினி வந்த பிறகுதான். எங்கள் தோட்டத்தைச் சுற்றிக் குன்றுகள். கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல் வேண்டுமானால் மாமரத்தில் ஏற வேண்டும். அப்படி ஏறியவர்களில் ஒருவர் மாங்காய்க் காலம் முடிகிறவரை இறங்கவில்லை. ஆகவே கோவில் மண்டபத்தில் ஒரு கணினியும் நல்ல இணையமும் போட்டுக் கொடுத்தார்கள். கரண்ட் பில் கட்டுவதிலிருந்து சீரியல் பார்ப்பது வரைக்கும் எல்லாருக்கும் அந்த ஒரே பெட்டிதான். பந்தலுக்கு வேண்டிய சாமான்களையும் ராக்கம்மா அதில்தான் தேடுவாள். மற்றவர்கள் பின்னால் நின்று “அது வேண்டாங்கா, இதைப் பாருங்க” என்பார்கள்.

முந்தின வருடம் கொட்டாங்கச்சிக் குவளையில் நன்னாரி கொடுத்தோம். எதிர்ப்பந்தலிலும் கொட்டாங்கச்சிக் குவளை! ஏதோ தற்செயல் என்று பல்லைக் கடித்துக்கொண்டோம். இந்த வருடம் ஐஸ் கச்சாங் என்று முடிவாயிற்று. சீவிய ஐஸின்மேல் சோளமும் பயறும் போட்டு, குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லப் பாகு ஊற்றிக் கொடுப்பது. ராக்கம்மா மண்டபத்தில் உட்கார்ந்து ஐஸ் சீவும் இயந்திரங்களைப் பார்த்தாள். அந்த வாரமே இராஜமாணிக்கம் கடையில் வைத்து, மீசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“என்ன தங்கச்சி, இந்த வருசம் ஐஸ் சீவப் போறீங்களாம்லா?”

ராக்கம்மா கையில் இருந்த முட்டைகளின் கதி என்னவாயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாளே பந்தல் பெண்கள் அத்தனை பேரையும் முனியாண்டி சன்னதியில் நிறுத்தினாள். தட்டில் கற்பூரம் எரிந்தது. “சொன்னவ எவளோ அவ இதை அணைக்க மாட்டா. மத்தவங்க அணைச்சு சத்தியம் பண்ணுங்க.” எங்கள் பக்கத்தில் கற்பூரம் அணைத்துச் சொன்ன வார்த்தைக்கு மறுபேச்சு கிடையாது. ஒவ்வொருத்தியாக உள்ளங்கையால் சுடரை அணைத்தார்கள். மறுபடி ஏற்றினார்கள். மார்த்தாவின் முறை வந்தது. அவள் கையை நீட்டவில்லை.

“அக்கா, நான் யாருகிட்டயும் சொல்லல. மாதா மேல ஆணையா சொல்றேன். கற்பூரம் மட்டும் வேண்டாம், எங்க வழக்கத்துல இல்ல.”

“மாதா இந்தக் கேஸுக்கு ஜாமீன் குடுக்க முடியாது மார்த்தா. இது முனியாண்டி கோர்ட்டு.”

“அப்படின்னா என்னை நம்பலையா?”

ராக்கம்மா தட்டைத் தரையில் வைத்தாள். “இந்த வருசம் நீ பந்தல் பக்கம் வராத” என்றாள்.

அதற்கப்புறம் பேருந்து வரும்போது கோழிகள் ஒதுங்கவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடிக்க வேண்டியதாயிற்று. பேருந்து நிறுத்தத்தில் மார்த்தா வந்து நின்றால் பேச்சு நின்றுவிடும். கரண்டி போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. காட்டிக் கொடுத்தவள் என்று பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதே லயத்தில்தானே காலத்துக்கும் இருக்க வேண்டும்! “அந்தப் பேர அழிக்காம நான் திருவிழாவப் பாக்க மாட்டேன் டீச்சர்” என்று என்னிடம் சொன்னாள். பக்கத்து வீடு என்பதால் அவள் சிரிக்காத வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஊதாச் செருப்பு வந்தது.

தொழிற்சாலையில் நின்றே வேலை செய்து அவளுக்குக் குதிகால் வலி. மண்டபத்தில் யாருமில்லாத நேரமாகப் பார்த்து, மெத்தை வைத்த செருப்பு தேடினாள். பளபளவென்று ஊதா நிறத்தில் ஒரு ஜோடி. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் விலையைப் பார்த்து, மனசில்லாமல் மூடிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் கடையில் நானும் மார்த்தாவும் சாமான் வாங்கிக்கொண்டிருந்தோம். இராஜமாணிக்கம் கல்லாப்பெட்டிப் பக்கத்தில் நின்று புலம்பிக்கொண்டிருந்தார்.

“அந்தக் கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுலா! நான் சும்மா பேப்பர் படிக்கிறேன், பக்கத்துக்குப் பக்கம் பொம்பளச் செருப்பக் காட்டுது. அதுவும் ஊதாக் கலரு! என் மீசைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

மார்த்தா கையிலிருந்த மைலோ டின் கீழே விழுந்து கதவுவரை உருண்டது. அவள் குனிந்து எடுக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக மண்டபத்துக்கு நடந்தாள்.

செய்தித்தாள் பக்கத்தைத் திறந்தோம். ஓரத்தில் அவளுடைய செருப்பு. சமையல் குறிப்புப் பக்கம்: அங்கேயும் செருப்பு. ராசிபலன் பக்கத்தில் விருச்சிக ராசிக்குக் கீழே செருப்பு. “டீச்சர், நான் யாருகிட்டயும் சொல்லல. ஆனா இது அவருகிட்ட சொல்லியிருக்கு” என்றாள் மார்த்தா. அவள் கண் மின்னியது.

இரண்டு பேரும் உலாவியின் உதவிப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தோம். ஒரு தளத்தைத் திறந்தால் அது நம் உலாவியில் சின்னதாக ஓர் அடையாளம் போட்டு வைக்கும். அதற்குப் பெயர் குக்கி. போட்ட தளம் மட்டும் வைத்துக்கொண்டால் தொல்லையில்லை. அதே பக்கத்தில் ஒளிந்திருக்கும் விளம்பரக்காரனும் தன் பங்குக்கு ஒன்று போடுகிறான். செய்தித்தாளிலும் சமையல் பக்கத்திலும் அவனேதான் விளம்பரம் போடுகிறான். அடையாளத்தைப் பார்த்ததும், “ஓ, செருப்புத் தேடிய ஆள்” என்று பின்னாலேயே வருகிறான். ஒவ்வொரு தளமும் கீழே ஒரு பெட்டியைக் காட்டிச் சம்மதம் கேட்கத்தான் செய்தது. பெரிய பொத்தானாக இருக்கிறதே என்று தோட்டமே ‘எல்லாவற்றையும் ஏற்கிறேன்’ என்று அமுக்கிக்கொண்டிருந்தது.

மார்த்தா திரையை விரலால் தட்டிக் காட்டினாள். “எங்கப்பா ரப்பர்ப் பால் வெட்டுற காலத்துல மரத்துக்கு மரம் சாயத்துல நம்பர் போடுவாங்க. வேலைய மேற்பாக்குற மண்டோர் எந்தப் பக்கத்திலேர்ந்து வந்தாலும் நம்பரப் பாத்தா போதும், இது இன்னார் மரம்னு சொல்லிருவாரு. அந்த மாதிரி இந்தப் பெட்டிக்கு நம்பர் போட்டுட்டானுங்க. உக்காந்திருக்கிறது ராக்கம்மாக்காவா, மீசையான்னு அவனுக்குத் தெரியாது. பெட்டி ஒண்ணுதானே!”

“போய் ராக்கம்மாகிட்ட சொல்லு” என்றேன்.

“சொன்னா நம்புமா அது? கண்ணால பாக்க வைக்கணும் டீச்சர்.”

மறுநாள் மத்தியானம் ராக்கம்மாவை மண்டபத்துக்கு வரவழைத்தாள். ராக்கம்மா முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, எதிர்ப்பந்தல்ல என்ன போடணும்னு நீங்களே ஒண்ணு நினைங்க. எவ்வளவு கோமாளித்தனமா இருந்தாலும் சரி. இப்பவே சொல்லுங்க. நான் உங்க பக்கத்தவிட்டு நகர மாட்டேன், வாயத் தொறக்க மாட்டேன். இன்னைக்கே அதை இராஜமாணிக்கம் அண்ணன் வாயாலயே சொல்ல வைக்கிறேன்.”

“சொல்லலைன்னா?”

“நான் லயத்தையே விட்டுப் போயிர்றேன்.”

ராக்கம்மா அசந்து போனாள். “சொல்லிட்டாரு, வையி... உன் வீட்டுக்கே மேளத்தோட வந்து பந்தலுக்குக் கூட்டிட்டுப் போறேன். போதுமா? ம்... பஞ்சு மிட்டாய். தாகத்தோட வர்ற சனத்துக்குப் பஞ்சு மிட்டாய்! எந்தக் கிறுக்கனாவது போடுவானா?”

மார்த்தா உட்கார்ந்து பஞ்சு மிட்டாய் இயந்திரம் தேடினாள். சின்னது, பெரியது, சக்கரம் வைத்தது, குடை வைத்தது. ஒவ்வொன்றையும் திறந்து நின்று நிதானமாகப் பார்த்தாள். பிறகு நாங்கள் மூன்று பேரும் மண்டபத்தின் பின்பக்கம் அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டோம். ராக்கம்மாவை மறைக்க நாற்காலி அடுக்கு போதவில்லை. கல்யாணக் கம்பளத்தை மேலே போட்டோம்.

இராஜமாணிக்கம் வழக்கம்போல் தேநீர் நேரத்துக்கு வந்தார். செய்தித்தாளைத் திறந்தார். நிமிர்ந்தார். இன்னொரு பக்கம் திறந்தார். மீசையைத் துடைத்தார். தொலைபேசியை எடுத்தார். மண்டப இணையத்தில் அழைப்பு உடனே போனது.

“டேய், ஐஸ் சீவுறத விட்டுட்டாளுங்க. இப்பப் பஞ்சு மிட்டாய்! ஆமாலா, எனக்குத் தெரியும். இருக்கிறதுலயே பெரிய மிஷினா பாரு, சக்கரம் வச்சது!”

கம்பளம் எழுந்து நிற்கப் பார்த்தது. மார்த்தா அதை அமுக்கிப் பிடித்தாள். “விடுங்கக்கா,” என்று காதில் கிசுகிசுத்தாள், “வாங்கட்டும்.”

அவர் போன பிறகு ராக்கம்மா வெளியே வந்தாள். தலையெல்லாம் கம்பளத்துத் தூசி. மார்த்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மார்த்தாதான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நாற்காலி அடுக்கு சரிந்து விழுந்தது. நான் பார்த்தேன்.

மிச்சம் சுலபம். உலாவியில் தனிச் சாளரம் என்று ஒன்று உண்டு. மூடியதும் அதில் விழுந்த அடையாளங்களும் அழிந்துவிடும். ஐஸ் இயந்திரத்தை அதில் தேடி வாங்கினோம். வழக்கமான சாளரத்தில் மார்த்தா தினமும் பஞ்சு மிட்டாய்க்குக் கலர்ப் பொடி தேடிவைத்தாள்.

திருவிழாக் காலையில் உறுமி மேளம் மார்த்தாவின் வாசலில் வந்து நின்றது. முன்னால் ராக்கம்மா, பட்டுப் புடவையில். கையில் ஒரு பெட்டி. மார்த்தா திறந்தாள்: ஊதாச் செருப்பு.

“எப்பக்கா வாங்கினீங்க? ஒரு விளம்பரம்கூட வரலயே!”

“தனிச் சாளரம்லா” என்றாள் ராக்கம்மா, பெருமை தாங்காமல். பிறகு மேளத்தை நிறுத்தச் சொல்லி, லயமே கேட்கும்படி, “மார்த்தா மேல தப்பு சொன்னது நான். மாதாவும் முனியாண்டியும் ரெண்டு பேருமே என்னை மன்னிக்கணும்” என்றாள்.

தேர் புறப்படும்போது லேசாகத் தூறல். பஞ்சு மிட்டாய்க்கும் ஈரத்துக்கும் ஜென்மப்பகை. இராஜமாணிக்கத்தின் இயந்திரம் சுற்றச் சுற்ற, மிட்டாய் குச்சியில் நிற்காமல் கொழகொழவென்று கையிலும் கொடியிலும் ஒட்டியது. பால்குடம் எடுத்தவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். மீசை ரோஜா நிறமாயிற்று. அன்று அங்கே ஒட்டிக்கொண்டு தப்பிய காக்கை ஒன்று, சி ரூசா கடற்கரைப் பக்கம் ரோஜா நிறத்தில் பறந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். தூறல் நின்று வெயில் ஏறியதும் சனம் எங்கள் பந்தலைச் சுற்றி மொய்த்தது. மார்த்தா ஊதாச் செருப்பில் நின்று ஐஸ் சீவினாள்.

கடைசியில் இராஜமாணிக்கமே வந்தார். “தங்கச்சி, தொண்டை காயுது. ஒரு கிண்ணம்...”

மார்த்தா நிறையப் பாகு ஊற்றி நீட்டினாள். ராக்கம்மா குறுக்கே கையை வைத்தாள். “முதல்ல மைக்கு. எங்க சமாச்சாரம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டு வாங்கண்ணே.”

அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். ரோஜா மீசை மைக்கில் ஒட்டிக்கொண்டது. “மார்த்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லீங்க. சொன்னதெல்லாம் மண்டபத்துக் கம்ப்யூட்டர்தான். அது காட்டுச்சு, நான் பாத்தேன், அவ்வளவுதான்.” கோவில் திடலே சிரித்தது. பேருந்து நிறுத்தத்தில் பேச்சை நிறுத்திய பெண்கள் முதல் ஆளாகக் கை தட்டினார்கள்.

மறுநாள் மார்த்தா மண்டபத்தில் உட்கார்ந்து, அந்தப் பெட்டியில் சேர்ந்திருந்த குக்கிகளையெல்லாம் அழித்தாள். விளம்பரக்காரர்கள் வெளியிலிருந்து அடையாளம் போடாதபடி தடுத்து வைத்தாள். இனி அந்தக் கேள்விப் பெட்டி வந்தால் ‘ஏற்கவில்லை’ பொத்தானைத் தேடி அமுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் காட்டிக் கொடுத்தாள். இராஜமாணிக்கம் செய்தித்தாளைத் திறந்து பார்த்தார். ஓரத்தில் யாருக்கும் வேண்டாத ஏதோ ஒரு சோப்பு விளம்பரம்.

“அப்ப அடுத்த வருசத்துக்கு நானேதான் யோசிக்கணுமா?” என்றார் பரிதாபமாக.

“யோசிங்கண்ணே” என்று சொல்லிவிட்டு மார்த்தா சிரித்தாள். வாசலில் கோழிகள் ஒதுங்கின. இந்தத் தடவை முழு வழியும், மந்தின் வரைக்கும் கேட்டது. நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.