கைநாட்டுப் பதிவேடு

நான் பொறுமைசாலி இல்லை. வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் அந்தக் குணம் எல்லாரையும் படுத்தியெடுத்தது. ஒருமுறை அறுபது பெண்களின் பிழைப்பிலேயே மண்ணைப் போடப் பார்த்தது. அப்படி ஆகாமல் போனதற்கு இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாயிரத்தைத் தாண்டி ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். எங்களிடம் சரக்கு எடுத்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, தானே முதல் போட்டு ஒரு புதுப் பிரிவு தொடங்க இடம் தேடியது. திரை வைத்த கம்ப்யூட்டர் தையல் மிஷின்கள் வரும். ஒன்று எங்கள் இடம், இல்லையென்றால் வேறொரு நாடு. இரண்டில் எது என்று முடிவு செய்ய அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். இங்கே வந்தால் எங்கள் டெய்லர் பெண்களில் அறுபது பேருக்கு நல்ல சம்பளத்தில் நிலையான வேலை. வராவிட்டால் இருக்கிற ஆர்டரும் மெல்ல அந்தப் பக்கம் போய்விடும்.

முதலாளி தாராபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். காடு தோட்டத்தை விற்று மிஷின் போட்டவர். யார் வந்தாலும் முதலில் ஜெனரேட்டரைக் காட்டுவார், அப்புறம் தண்ணீர்த் தொட்டி. "கரண்டு நின்னாலும் நம்ம லைன் நிக்காதுங்க" என்றார். அந்த அம்மாள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, பயிற்சிப் பதிவேட்டைக் கேட்டார்.

அது என் பொறுப்பு. தீப்பிடித்தால் எந்த வாசல், ஊசி உடைந்தால் யாரிடம் சொல்வது என்று மாதம் ஒரு வகுப்பு நடக்கும். முடிந்ததும் எல்லாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பேனாவைக் கொடுத்தால் ஒவ்வொருத்தியும் இனிஷியலோடு முழுப் பெயரையும் அழகு பார்த்து எழுதுவாள். லைன் நிற்கும், சூப்பர்வைசர் கத்துவார். அதனால் நான் இங்க் பேடோடு போய்க் கட்டைவிரலை ஒற்றி வாங்கிவிடுவேன். ஒரு லைன் ஐந்தே நிமிஷத்தில் முடியும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்வேன்.

அந்த அம்மாள் பக்கம் பக்கமாகத் திருப்பினார். எல்லாம் கைநாட்டு. "மிஷினோடு வரும் புத்தகத்தை இவர்கள் எப்படிப் படிப்பார்கள்? அந்த நாட்டில் எல்லாரும் பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனவர்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. எங்கள் பெண்கள் தேனி, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவர்கள். பெரும்பாலும் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்தவர்கள். இலவசப் புத்தகமும் மதியச் சாப்பாடும் பஸ் பாஸும் கொடுத்து சர்க்கார் படிக்க வைத்த பிள்ளைகளை, நான் ஒருத்தி கைநாட்டாக்கி வைத்திருந்தேன்.

தப்பு என்னுடையது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. எந்தக் கம்பெனியும் அப்படித்தானே சொல்லும்? லைனை நிறுத்தச் சொல்லி ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். பெயர் போட வேண்டாம், வேலையைப் பற்றி மனதில் இருப்பதை எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம் என்றார். சத்தமில்லாத தையல் கூடத்தை நான் அன்றுதான் பார்த்தேன். எழுதத் தெரியாத நாலைந்து பேர் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லி எழுதினார்கள். எங்களுக்குக் காட்டாமல் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

வேலை போனது என்று நினைத்துத்தான் முதலாளி முன்னால் போய் நின்றேன். "உடு கண்ணு. நானுந்தான் மாசாமாசம் அதப் பாத்தேன். எனக்கும் தோணலியே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

மூன்று வாரம் போனது. பிறகு பதில் வந்தது. பிரிவு இங்கேதான். கூடவே ஒரு தாளின் நகலை வைத்து, இதை மொழிபெயர்த்துப் படித்த பிறகுதான் தன் மேலதிகாரிகள் சம்மதித்தார்கள் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். முதலாளிக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"நான் பன்னிரண்டாவது பாஸ். இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது. என்னை எழுதச் சொன்னது இன்றைக்குத்தான். மிஷினோடு புத்தகம் வரும் என்றார்கள். அதை முதலில் என்னிடம் கொடுங்கள். படித்து மற்றவர்களுக்குச் சொல்கிறேன்."

இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். "இந்தப் புள்ள எந்த லைனு கண்ணு? கூப்புடு."

போய்க் கேட்டேன். குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சரி, கையெழுத்தை ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பதிவேட்டைத் திறந்தேன். நாலு வருஷத்துப் பக்கங்களிலும் ஒரு கையெழுத்து இல்லை.

அன்று சாயங்காலம் ஒவ்வொரு லைனாகப் போய் நின்று, எல்லாரிடமும் நன்றி சொன்னேன்.