மணிக்கட்டில் வந்த விடைக்குறி

அடுகோடியில் ஒற்றை அறை வீட்டில் குடியிருக்கும் சங்கமித்ரா, ஓசூர் ரோடு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் சரிபார்ப்பவள். தெருவில் அவளுக்குத் ‘தந்தி அக்கா’ என்று பெயர். கேலிதான், ஆனாலும் காரணம் இருந்தது. அவள் கணவர் ராஜேந்திரன் பட்டறையில் எலக்ட்ரீஷியன், வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேசும் ஹாம் ரேடியோ பைத்தியம். தானே செட் செய்து, பரீட்சை எழுதி உரிமம் வாங்கியதோடு நிற்காமல், மனைவியையும் பிடித்து உட்காரவைத்து குட்டை, நெட்டைத் தட்டல்களால் எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் பழக்கி உரிமம் வாங்க வைத்துவிட்டார். பிறகு அந்த வீட்டில் சண்டைகூட மேசையைத் தட்டித்தான் நடந்தது.

காலையில் ஊரிலுள்ள ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். கஸ்தூரிரங்கன் என்ற பெரியவர் ஒவ்வொருவரின் அழைப்புப் பெயரையும் மோர்ஸில் தட்டிக் கூப்பிடுவார். அவரவர் பதில் தட்டவேண்டும். யாராவது இறந்துவிட்டால், வேண்டியவர்கள் அந்தப் பெயரைக் கடைசியாக ஒருமுறை தட்டி, விடைபெறுவதைச் சொல்லும் விடைக்குறியைச் சேர்ப்பது வழக்கம். மூன்று குட்டை, பிறகு நெட்டை, குட்டை, நெட்டை. அதோடு அந்தப் பெயரைக் கூப்பிடுவது நின்றுவிடும்.

ராஜேந்திரன் மாரடைப்பில் போனபோது சங்கமித்ரா அதைத் தட்டவில்லை.

“நான் சொல்ற வரைக்கும் அவர் பேர எடுத்துடாதீங்க சார்,” என்று கஸ்தூரிரங்கனைக் கேட்டுக்கொண்டாள். அவரும் தினமும் அந்தப் பெயரைக் கூப்பிட்டு, சற்றுக் காத்திருந்து, அடுத்ததற்குப் போனார். ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் சங்கமித்ராவுக்கு அந்தச் சற்று நேரம் கணவர் உயிரோடு இருந்தார். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

மகள் வீணா நைட் ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் வந்து படுப்பவள். அம்மாவின் அலாரம் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று, சத்தமில்லாமல் அதிர்ந்து எழுப்பும் பட்டை ஒன்றை வாங்கி அம்மா கையில் கட்டினாள். மறுநாள் காலை அது அதிர்ந்தது. மூன்று குட்டை; நெட்டை, குட்டை, நெட்டை. சங்கமித்ரா சூடு பட்டவள்போல் அதைக் கழற்றி எறிந்தாள்.

எந்த ஊர் ஃபேக்டரியிலோ எவனோ ஏதோ ஒரு தாளத்தை வைத்திருக்கிறான், அவ்வளவுதான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? உடம்பில் ஊறிப்போன எழுத்தைப் படிக்காமல் இருக்க முடியுமா? வீணாவிடம் வேறு தாளம் வைக்கச் சொல்லிப் பார்த்தாள். மலிவான பட்டை, ஒரே தாளம்தான். பீரோவில் போட்டுப் பூட்டினாள். வேலைக்குப் பிந்திப் போய் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைசியில் வீணாவே தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அவளை எழுப்ப ஆரம்பித்தாள்.

“இன்னாம்மா பேஜாரு இது? கட்டிக்கினா இன்னா?”

“அப்பாவ முடிச்சி உட்டுடுன்னு கையப் புடிச்சி சொல்லுதுடி அது.”

வீணா அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அலாரம்தான் என்னைத் தூங்க உடலைன்னு நெனச்சேன். அது இல்லம்மா. ஒன் மூஞ்சியப் பாத்தே அப்பா பேரு எப்ப வருதுன்னு எனக்குத் தெரியுது. டெய்லி நானும் ஒன்கூடவே காத்துக்கினு கெடக்கறேன். யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. மறுபடியும் அப்பா செத்த மாதிரி இருக்குது.”

தன் துக்கத்தை யாருக்கும் பாரமில்லாமல் சுமப்பதாக நினைத்திருந்தவளுக்கு இது நெஞ்சில் தைத்தது. பக்கத்திலேயே படுத்திருந்த பெண்ணைக் கவனிக்காமல் விட்டோமே என்று வெட்கப்பட்டாள்.

மறுநாள் கஸ்தூரிரங்கன் ராஜேந்திரனின் பெயரைக் கூப்பிட்டார். சங்கமித்ரா ஹெட்போனைப் பிடுங்கி, சத்தம் அறையில் கேட்கும்படி வைத்தாள். வீணா எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். சங்கமித்ரா கணவரின் பெயரை நிதானமாகத் தட்டினாள். மூன்று குட்டை. நெட்டை, குட்டை, நெட்டை. எழுத்து பிசகவில்லை.

பிறகு பீன்யாவிலிருந்து ஒருவர், தொம்மலூரிலிருந்து ஒருவர் என ஒவ்வொருவராக, பிரியும்போது ஹாம்கள் வழக்கமாகத் தட்டும் இரண்டு சின்னத் தட்டுகளைத் தட்டினார்கள். தட்டும் விதத்திலேயே யார் கை எது என்று அவளுக்குத் தெரிந்தது. கஸ்தூரிரங்கனின் கை கடைசியாக வந்தது.

அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அது அவளுடையது. அத்தனை வருஷமும் கணவர் பெயருக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்த பெயர். சங்கமித்ரா வாய்விட்டு அழுதுகொண்டே பதில் தட்டினாள்.