பனங்கட்டியும் சீனிதான்

பிள்ளைத்தாச்சியான அக்காவுக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன அன்றே எங்கள் பள்ளிமுனை வீட்டில் சீனிப் போத்தலைக் காணவில்லை. எனக்குச் சந்தோஷம். உயிரியல் படித்து, உயர்தரச் சோதனை எழுதிவிட்டுச் சும்மா இருந்த எனக்கு விளக்கம் சொல்ல ஒரு வீடே கிடைத்திருந்தது.

அடுத்த நாள் பார்த்தால் அக்கா பிளேன்ரீயோடு பனங்கட்டி கடித்துக்கொண்டிருக்கிறாள். கொடுத்தது, பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அவளுடைய மாமியார்.

“மாமி, அதுவும் சீனிதான்!”

“விசர்க்கதை கதையாதை. கடைச் சீனிதான் கூடாது. இது எங்கட பனையில இருந்து வாறது.”

“தாய்க்குக் கூடினா பிள்ளைக்கும் போகும். பிள்ளை அளவுக்கு மிஞ்சிப் பருக்கும்.”

“பருக்கட்டுமன்! எலிக்குஞ்சு மாதிரிப் பெறச் சொல்லுறியோ? றிசல்ஸே வரேல்ல, அதுக்குள்ள டொக்குத்தராம்!”

அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

கிளினிக்கில் தாதி கேட்டால், “சீனி தொடுறதே இல்லை மிஸ்ஸி” என்பாள். பொய்யில்லை. கிளினிக் நாள் நெருங்கினால் மாமி சோற்றையும் குறைத்துவிடுவார். இரத்தச் சோதனை அழகாக வரும். கூட வருகிறேன் என்றால், “நீ வந்தா வாய் சும்மா இராது” என்று அக்கா என்னை விட்டுவிட்டே போவாள்.

வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை.

“பாருங்கோ, பிறக்கேக்கையே மூண்டு மாதப் பிள்ளை மாதிரி!” மாமி வார்ட்டில் எல்லோருக்கும் காட்டினார்.

கொஞ்ச நேரத்தில் அவனுடைய கைகால்கள் நடுங்கத் தொடங்கின. பால் இழுக்கவில்லை. குதிக்காலில் குத்திச் சோதித்த மிஸ்ஸி அவனைத் தூக்கிக்கொண்டு குழந்தைகள் பிரிவுக்கு ஓடினார். இரத்தத்தில் சீனி விழுந்துவிட்டது.

“சீனி கூடினது தாய்க்கு. பிள்ளைக்கு எப்பிடிக் குறையும்?” என்றார் மாமி.

சொன்னேன். வயிற்றுக்குள் வந்து குவிந்த சீனியைச் சமாளிக்க அவன் உடம்பு இன்சுலினை அள்ளிச் சுரந்து பழகியிருந்தது. கொடியை வெட்டியதும் சீனி நின்றது, இன்சுலின் நிற்கவில்லை. சொல்லச் சொல்ல என் விளக்கம் ஏச்சாக மாறியது. மாமி செபமாலையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள், குளுக்கோஸ் ஏறிய கையோடு அவன் பாலை இழுத்துக் குடித்தான். சீனி ஏறிவிட்டதாம். அக்கா அழுதாள்.

“பாத்தியே, மடு மாதா கைவிடேல்ல. நீதான் சும்மா எல்லாரையும் வெருட்டினனி,” என்ற மாமி, அக்காவின் தலையைத் தடவினார். “அடுத்ததையும் இப்பிடிக் கொழுகொழு எண்டு பெறோணும், பிள்ளை.”

அக்கா தலையாட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே நடந்தேன்.