வெயிலில் பூசிய மெழுகு

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் காரை நானே கெடுத்தேன். யார் உதவியும் இல்லாமல். முழுசாக!

வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும் — என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. மகள் பெங்களூரில். கணபதி ஏரியாவில் இந்த வீட்டில் நானும் ஒரு கருநீலக் காரும்தான். எனக்கும் ஓட்டத் தெரியும்... ஆனால் எங்கே போவது? வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, கவர் போட்டு மூடிவிடுவேன்.

அன்றைக்கு என்னவோ தோன்றி, கவரை உருவினேன். பெயின்ட் மங்கிக் கிடந்தது. கவர் உரசிய கீறல் வேறு. ஒரு வீடியோ பார்த்தேன். முதலில் கழுவ வேண்டும், அப்புறம் பாலிஷ், கடைசியில் மெழுகு. பத்தே நிமிடம். இதிலென்ன பெரிய வித்தை? முப்பது வருடம் சப்பாத்தி மாவு பிசைந்த கை இது!

கழுவினேன். பாலிஷைத் தேய்த்துத் துடைத்தேன். அதுவரை சரி. மெழுகு டப்பாவைத் திறக்கும்போது மணி பதினொன்று. தெருவில் சுள்ளென்று வெயில். பானட்டில் கை வைத்தால் தோசைக்கல். நான் பாட்டுக்குக் கூரை, கதவு, டிக்கி என்று அப்பினேன். கறுப்பு பிளாஸ்டிக் ஓரத்தைக்கூட விடவில்லை — தாராள மனசு! மொத்தமாகத் துடைத்துக்கொள்ளலாம் என்று உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வந்தேன்.

துடைத்தால்... துணி நகரவே இல்லை. கார் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

அழுகை வந்துவிட்டது. காருக்காகவா? 'ஐயையோ, இங்க பாருங்களேன்' என்று சொல்லத் திரும்பினேன். சொல்ல ஆளில்லை. அதற்குத்தான் அழுதேன்.

எங்கள் தெரு நல்ல தெரு. குறை சொல்ல மாட்டேன். அவர் போன புதிதில் வீடு நிறைய ஆள் இருந்தது. அப்புறம்? "சாப்டீங்களா?" என்பார்கள். "சாப்டேனுங்க" என்பேன். அதற்குள் கேட்டவர் வண்டி நகர்ந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைத் தவிர வாயே திறக்காமல் தூங்கப்போன நாட்கள் நிறைய.

"ஏனுங்கக்கா! என்னங்க இது?"

எதிர்வீட்டுத் தங்கவேல். பின்தெருவில் கிரைண்டர் பாகங்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறை வைத்திருக்கிறார். ஸ்கூட்டரை நிறுத்தியேவிட்டார்.

"நட்ட வெயில்ல வெச்சுப் பூசிப்போட்டீங்களே! சூட்டுல காஞ்சு புடிச்சுக்காதுங்களா? அதும் இத்தன மொத்தமா! துளியூண்டு எடுத்து, ஒரு கதவு பூசினா அதைத் தொடைச்சுப்போட்டுத்தானுங்க அடுத்த கதவு."

"பெயின்ட் போயிருச்சா தங்கவேலு?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. மொதல்ல வண்டிய நெழலுக்குக் கொண்டாங்க."

வேப்பமரத்தடிக்கு நகர்த்தினேன். அவர் பட்டறைக்குப் போய் ஒரு பை நிறையத் துடைக்கிற துணி, பனியன் வேஸ்ட், கொண்டுவந்தார். தகரம் ஆறியதும், காய்ந்த மெழுகின் மேலேயே புது மெழுகை லேசாகத் தடவி உடனே துடைக்கச் சொன்னார். அட, இளகி வந்துவிட்டது!

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் எட்டிப் பார்த்தார். "வட்டமாத் தேய்க்கக் கூடாதுங்க. நேராத் தேய்க்கணும்."

"டீச்சர், நானு இருவது வருசமா பாலிஷ் போடறேனுங்க."

"கிரைண்டருக்குப் போடுவீங்க. காருக்குப் போட்டிருக்கீங்களா?"

சண்டையைக்கூட 'ங்க' போட்டுத்தான் போடுவோம் நாங்கள்! நடுவில் நின்று நான் சிரித்தேன். சத்தமாக. டீச்சர் வீட்டிலிருந்து டீ வந்தது. மூன்று பேரும் இரண்டு மணி நேரம் தேய்த்தோம், பேசினோம், கத்தினோம்.

கடைசிக் கதவைத் துடைக்கும்போது தங்கவேல் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. உங்களப் பாத்தா அண்ணன் நெனப்பு வந்துருது. என்ன பேசறதுன்னே தெரியறதில்லீங்க. அதான் நிக்காமப் போயிருவேன்."

"எனக்கு மட்டும் தெரியுமா தங்கவேலு?" என்றேன். துடைத்த கதவையே இருவரும் திரும்பத் துடைத்தோம். டீச்சர்தான் டம்ளர்களைப் பொறுக்கினார்.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. நம்மூர்க்காரர்களுக்கு ஆறுதல் சொல்ல வராது. ஆனால் கண்ணெதிரே ஒருத்தர் ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால், பார்த்துக்கொண்டு சும்மா போக முடியாது! அப்படிப் போய்விட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

கார் என்ன ஆயிற்று என்கிறீர்களா? பளபளப்பு! முகம் பார்த்துத் தலை சீவலாம். மறுநாள் காலை தங்கவேல் ஸ்கூட்டரிலிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "சூப்பருங்கக்கா!" வண்டி நிற்கவில்லை. டீச்சரும் புன்னகைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பாவம், அவர்கள் மேல் என்ன தப்பு? திருத்துவதற்குத்தான் ஒன்றும் மிச்சமில்லையே.

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. மகளிடம் போனில் எட்டு நிமிடம். அதோடு சரி.

நேற்று மறுபடி ஞாயிறு. மணி பதினொன்று. கார் வேப்பமர நிழலில் ஜம்மென்று நின்றிருந்தது. எப்படிப் பூசவேண்டும் என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும் — நிழலில், துளியூண்டு, ஒவ்வொரு கதவாக.

சாவியைப் போட்டு, காரை வெயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன்.